கடன் சீட்டு கைமாறினால்

அயலவரிடம் நெல் கடன்பட்ட ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். விளைச்சல் பொய்த்தால் கடன் கொடுத்தவர் அடுத்த போகம்வரை பொறுப்பார். இரு வீட்டாரும் நாளைக்கும் ஒரே ஊரில் வாழவேண்டியவர்கள். ஆனால் முன்பின் அறியாத ஒருவர் அந்தக் கடன் சீட்டை மலிவாக வாங்கிக்கொண்டு, முழுத் தொகையும் கேட்டு வழக்கு வைத்தால்? நாடுகளின் கடனில் இது நடந்திருக்கிறது.

ஆபிரிக்காவிலுள்ள சாம்பியா, செம்பு ஏற்றுமதியை நம்பி வாழும் நாடு. 1979ஆம் ஆண்டில் அது ருமேனியாவிடம் உழவு இயந்திரங்கள் முதலியவற்றைக் கடனுக்கு வாங்கியது. செம்பின் விலையோ வீழ்ந்து கிடந்தது. கட்டமுடியாத கடன் வட்டியுடன் ஏறக்குறைய 3 கோடி டொலராக வளர்ந்தது. குறைந்த தொகைக்குக் கணக்கைத் தீர்க்க இரு அரசுகளும் பேசிக்கொண்டிருந்த வேளையில், 1999இல், டொனேகல் இன்டர்நஷனல் என்ற கம்பனி அக்கடனைச் சுமார் 33 இலட்சம் டொலருக்கு ருமேனியாவிடமிருந்து வாங்கிவிட்டது. ருமேனியாவை அதிகம் குறைகூறுவதற்கில்லை. வராத பணத்திலும் கைக்கு வந்த பணம் மேல் என்று அது எண்ணியிருக்கலாம். ஆனால் பின்னர் அக்கம்பனி இலண்டன் உயர் நீதிமன்றத்தில் கேட்ட தொகை 5 கோடி 50 இலட்சம் டொலர்!

இதற்கிடையில், 2005இல் சாம்பியா கடன் நிவாரணத்துக்குத் தகுதிபெற்றது. பெரும் கடன்கள் தள்ளுபடியாயின. 2006இல் கிராமத்து மக்களுக்கு வைத்தியக் கட்டணம் நீக்கப்பட்டது. மறு ஆண்டே தீர்ப்பு வந்தது. கம்பனியின் சாட்சிகளை நீதிபதி கண்டித்தார். ஆயினும் 1 கோடி 50 இலட்சத்துக்குச் சற்று அதிகமான டொலரைச் சாம்பியா செலுத்தவேண்டியதாயிற்று. சிந்தித்துப் பாருங்கள்: பலர் விட்டுக்கொடுத்ததால் மிஞ்சிய பணத்தில், விட்டுக்கொடாத ஒருவர் பங்கு கேட்டார்.

வாங்கிய கடனைத் தீர்ப்பது நேர்மையல்லவா என்று நீங்கள் கேட்கலாம். நேர்மைதான். ஆனால் 1986 டிசெம்பரில் பாப்பரசரின் நீதி சமாதான ஆணைக்குழு வெளியிட்ட ஏடு, ஒரு நாட்டின் பொருளாதாரத்தை மூச்சுத்திணறச் செய்து கடனை அறவிடலாகாது என்றது. சுமை யார்மீது விழுகிறது என்பதையும் கேட்கவேண்டும் அல்லவா? உழவு இயந்திரத்தைக் கண்டேயிராத தாய், மருந்துக்கு வரிசையில் நிற்கிறாள்.

சாம்பியாவின் வழக்கு வீண்போகவில்லை. 2010இல் பிரித்தானியப் பாராளுமன்றம், மிக வறிய நாடுகளின் பழைய கடன்களுக்கு இவ்வாறு முழுத்தொகை கேட்பதைச் சட்டத்தால் தடுத்தது. ஆனால் அச்சட்டம் நியூயோர்க்கில் செல்லாது. இலங்கை 2022 ஏப்பிரல் 12இல் வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவை நிறுத்தியது. யூனிலேயே, அதன் கடன் பத்திரங்களை வைத்திருந்த ஒரு வங்கி நியூயோர்க் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது.