தடவிப் பார்த்து வாங்கு

வேலூர்

அன்பு மருமகளுக்கு,

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை இரண்டு முறை கேட்டேன். ஸ்காலர்ஷிப் பணமும் உங்கம்மா சீட்டுப் பணமும் சேர்ந்து கையில் கொஞ்சம் இருக்கிறது, எழுத்தைப் புள்ளிகளாக எழுப்பிக் காட்டும் பிரெய்ல் டிஸ்ப்ளே வாங்கலாமா, எதை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறாய். "போன்தான் எல்லாத்தையும் படிச்சுக் காட்டுதே, அப்புறம் எதுக்கு அவ்வளவு காசு?" என்று உங்கப்பா கேட்டதாகவும் சொன்னாய். முதலில் அவருக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். அது தெளிவானால்தான் எந்த மெஷின் என்பதும் தெளிவாகும்.

போன் படித்துக் காட்டுவது கேட்பது. அது படிப்பது ஆகாது. நாவலுக்கும் செய்திக்கும் கேட்பதே போதும், நானும் அப்படித்தான் கேட்கிறேன். ஆனால் நீ எனக்கு அனுப்பும் மெசேஜ்களில் 'பள்ளி' 'பல்லி' ஆகிறது, 'அறை' 'அரை' ஆகிறது. உன் அறிவில் குறையில்லை. எட்டாம் வகுப்புக்குப் பிறகு பிரெய்ல் புத்தகத்தை விட்டுவிட்டு ஒலியிலேயே படித்தாய். எழுத்து உன் காதுக்கு வந்தது, விரலுக்கு வரவில்லை. நீ வரலாறு படிக்கிறாய், நாளைக்கு டிஎன்பிஎஸ்சி எழுதப்போகிறாய். எழுத்துப் பிழையோடு ஒரு விண்ணப்பம் போனால், அனுப்பியவருக்குப் பார்வையில்லை என்று யாரும் சலுகை தரமாட்டார்கள். இன்னொன்று, நான் வேலை செய்கிற பேங்கில் மீட்டிங் நடக்கும்போது காதில் ஹெட்போனோடு உட்கார முடியாது. குறிப்புகள் விரலுக்கடியில் ஓடும், காது எதிரில் பேசுகிறவருக்கு. இந்த இரண்டு காரணத்துக்காகத்தான் நான் பிரெய்லை விடவில்லை.

உங்கப்பாவுக்கு இன்னொன்றையும் சொல். பிரெய்ல் எழுத்தைக் கண்டுபிடித்தவரும் உன்னைப் போலத் தோல் வேலை செய்கிற வீட்டுப் பிள்ளைதான். லூயி பிரெய்லின் அப்பா பிரான்சில் கூவ்ரே என்ற சிற்றூரில் குதிரைச் சேணம் தைப்பவர். 1809-இல் பிறந்த லூயி, மூன்று வயதில் அப்பாவின் பட்டறையில் தோல் குத்தும் ஊசியை எடுத்து விளையாடப்போய்க் கண்ணில் குத்திக்கொண்டார். புண் சீழ் வைத்து மற்ற கண்ணுக்கும் பரவியது. பாரிஸ் பள்ளியில் படித்தபோது, பார்பியே என்பவர் அமைத்த பன்னிரண்டு புள்ளி முறையை எடுத்து ஆறு புள்ளிக்குள் அடக்கினார். 1824-இல், பதினைந்து வயதில். பன்னிரண்டு புள்ளி ஒரு விரல்நுனிக்குள் அடங்காது, ஆறு அடங்கும் என்பதுதான் விஷயம். ஊசி குத்தினால் தோலில் என்ன மேடு எழும் என்பதை உங்கப்பாவுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

இப்போது மெஷினுக்கு வருவோம்.

எல்லோரும் முதலில் கேட்பது "எத்தனை செல்?" என்பதைத்தான், அதாவது ஒரு வரியில் எத்தனை புள்ளிக் கட்டங்கள் என்று. அதற்குக் கடைக்காரர் பதில் வேண்டாம், தமிழை வைத்தே கணக்குப் பார்க்கலாம். நம் பாரதி பிரெய்லில் உயிர்மெய்க்கு இரண்டு செல்: மெய் ஒன்று, உயிர் ஒன்று. அகரமேறிய மெய்க்கு மட்டும் ஒன்று போதும். புள்ளி வைத்த எழுத்துக்கும் இரண்டு: முன்னால் நான்காம் புள்ளி, பிறகு எழுத்து. 'தோல் பதனிடும் தொழிற்சாலை' என்று படித்துப் பார். தோல் நான்கு செல், பதனிடும் எட்டு, தொழிற்சாலை பத்து, நடுவில் இரண்டு இடைவெளி. மொத்தம் 24. 'மாற்றுத்திறனாளி' என்ற ஒரே சொல் 15 செல். 'மாற்றுத்திறனாளிகளுக்கான' என்றால் 23.

இப்போது பார். 14 செல் மெஷினில் 'மாற்றுத்திறனாளி' கூட முழுதாக அடங்காது. 20 செல்லில் அது அடங்கும், விகுதிகள் சேர்ந்தால் உடையும். 40 செல்லில் வாக்கியமே ஓடும், ஆனால் அது மடியில் வைக்கிற கீபோர்டு நீளம். விலையும் அதற்கேற்ப ஏறும். ஆங்கிலத்தில் சுருக்கெழுத்து பிரெய்ல் இருப்பதால் 'லெதர்' என்ற ஏழெழுத்துச் சொல் நான்கு செல்லில் முடிந்துவிடும். தமிழை நாம் முழு எழுத்தாகவே படிக்கிறோம். ஆகையால் வெளிநாட்டுக்காரர் "14 போதும்" என்று எழுதியதை நீ நம்பாதே, அவர் கணக்கு வேறு. அமிர்தியிலிருந்து பஸ்ஸில் காலேஜுக்கு வந்து போகிற பெண்ணுக்கு, தமிழ் படிக்க, 20 செல்தான் சரி.

அடுத்தது விலை. பழைய வகை மெஷினில் ஒவ்வொரு புள்ளிக்கும் அடியில் மின்சாரம் பாய்ந்தால் வளைகிற மெல்லிய பட்டை ஒன்று இருக்கும், பீசோ என்பார்கள். பட்டை வளையும்போது ஊசி மேலே எழும். 20 செல்லில் ஒரு செல்லுக்கு எட்டுப் புள்ளி என்றால் 160 பட்டைகள். அதைச் செய்கிறவர்கள் உலகத்திலேயே சிலர்தான், வாங்குகிறவர்களும் குறைவு. விலை எப்படி இறங்கும்? இந்த விலையை உடைக்கத்தான் பல நாட்டுப் பார்வையற்றோர் அமைப்புகள் டிரான்ஸ்ஃபார்மிங் பிரெய்ல் குழுமம் என்று ஒன்றுகூடின. இந்தியாவிலிருந்து டெல்லி சக்ஷம் அமைப்பு அதில் சேர்ந்தது. அவர்கள் முயற்சியில் வந்ததுதான் ஆர்பிட் ரீடர் 20. 2016-இல் அறிவித்தபோது 449 டாலர், அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 30,000 ரூபாய். பிறகு விலை ஏறியது. ஆனாலும் பீசோ மெஷின்களைவிட மிகக் குறைவு. நம் நாட்டிலேயே, மும்பையில் இன்னோவிஷன் என்ற கம்பெனி பிரெய்ல் மீ என்று இன்னொன்றைச் செய்தது. அதுவும் 20 செல், ஆனால் ஆறு புள்ளி. அது பீசோவை விட்டுக் காந்தத்தால் புள்ளியைத் தூக்குகிறது. அமெரிக்காவில் அதை விற்ற விலை 515 டாலர்.

ஆர்பிட்டை நான் பல ஆண்டுகளாகத் தொட்டுப் பழகியிருக்கிறேன். அதன் புள்ளி கெட்டியாக நிற்கும். எவ்வளவு அழுத்தினாலும் உள்ளே போகாது, லிஃப்ட் பட்டனுக்குப் பக்கத்தில் இருக்கிற பிரெய்ல் மாதிரி. நீ பிரெய்ல் சிலேட்டில் பழகியவள், அழுத்திப் படிப்பாய். உன் விரலுக்கு அது பிடிக்கும். குறையும் உண்டு. வரி மாறும்போது இடமிருந்து வலமாகப் புள்ளிகள் எழுந்து வரும், சடசடவென்று சத்தம் கேட்கும். வகுப்பில் வாத்தியார் பேசும்போது நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். பீசோவில் சத்தமில்லை, கண்ணிமைக்கும் நேரத்தில் வரி மாறும், ஆனால் புள்ளி மெத்தென்று இருக்கும். ஆர்பிட்டில் நினைத்த எழுத்துக்கு நேராக விரல் வைத்துக் கர்சரை அங்கே கொண்டுபோகிற பட்டன்கள் கிடையாது. எழுதியதைத் திருத்துவது கொஞ்சம் சுற்றுவேலை. படிக்கத்தான் அதிகம் என்றால் பரவாயில்லை. நீண்ட கட்டுரை எழுதித் திருத்துவதுதான் உன் வேலை என்றால் யோசி.

ஆறு புள்ளியா, எட்டா? தமிழுக்கு ஆறு போதும். கம்ப்யூட்டர் திரையில் கர்சர் எங்கே நிற்கிறது என்று எழுத்துக்கு அடியில் காட்டுவதற்குத்தான் ஏழு, எட்டாம் புள்ளிகள் உதவும். புரோகிராமிங் படிக்கப்போகிறாய் என்றால் எட்டு வேண்டும் என்று சொல்லியிருப்பேன். வரலாற்றுக்கு அது கட்டாயமில்லை.

போனோடு சேருமா என்பதை வாங்குவதற்கு முன்பே பார். ஆண்ட்ராய்டில் 2022 முதல், திரையைப் படித்துக் காட்டும் டாக்பேக்குக்குள்ளேயே பிரெய்ல் டிஸ்ப்ளே வசதி வந்துவிட்டது. ஐபோனில் அதற்கும் முன்பிருந்தே உண்டு. கம்ப்யூட்டருக்கு அதே வேலையைச் செய்யும் என்விடிஏ இருக்கிறது. இரண்டு பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர்கள் 2006-இல் தொடங்கி இலவசமாகத் தந்தது, அதன் பிரெய்ல் பட்டியலில் தமிழும் உண்டு. 2018-இல் யூஎஸ்பி அமைப்பு பிரெய்ல் மெஷின்களுக்கென்று ஹெச்ஐடி பிரெய்ல் என்ற பொதுவான ஒரு இணைப்பு முறையை வெளியிட்டது. அது இருக்கிற மெஷினுக்குத் தனி டிரைவர் தேடி அலைய வேண்டாம். கடையில் "ஹெச்ஐடி பிரெய்ல் இருக்கா?" என்று ஒரே கேள்வி கேள். பதில் தெரியாமல் விழித்தால் ஜாக்கிரதை.

உங்கள் ஊரில் மலை ஓரமாகப் போனால் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். ஆகவே போன் இல்லாமலே படிக்கிற மெஷினாக இருக்கட்டும். ஆர்பிட்டில் எஸ்டி கார்டு போடலாம். சுகம்யா புஸ்தகாலயா என்ற இணைய நூலகம் 2016-இல் வந்தது, பிரெய்ல் கோப்புகள் அங்கே கிடைக்கும். புத்தகத்தைப் பார்வையற்றோருக்கு ஏற்ற வடிவில் மாற்றிக்கொள்ள வழிவிடும் மராகேஷ் ஒப்பந்தத்தை 2014-இல் உலகிலேயே முதலில் ஏற்றது நம் நாடு. ஆனால் ஒன்று கவனி. பெரும்பாலான பிரெய்ல் கோப்புகள் தாளில் அச்சடிக்க வரிக்கு 40 செல் என்று அமைத்தவை. 20 செல்லில் ஒவ்வொரு வரியும் பாதியில் ஒடியும். ஒடியாமல் மடக்கிக் காட்டுகிற வசதி இருக்கிறதா, சாதாரணத் தமிழ்க் கோப்பை மெஷினே பிரெய்லாக மாற்றுமா, இல்லை கம்ப்யூட்டரில் மாற்றித்தான் போட வேண்டுமா என்று கேட்டுக்கொள்.

இனி எப்படி வாங்குவது. உங்கப்பா தோல் ஷாப்பில் அசார்ட்டிங் பார்க்கிறவர். கட்டின் மேல் சீட்டு என்ன சொன்னாலும், அவர் விரலால் தடவிப் பார்க்காமல் ஒரு தோலையும் தரம் சொல்லமாட்டார். நீயும் அப்படியே செய். போட்டோ, விலைப்பட்டியல், யாரோ பேசின வீடியோ எதுவும் வேண்டாம். பூந்தமல்லியில் தேசியப் பார்வைத்திறன் குறைபாடுடையோர் நிறுவனத்தின் மண்டல மையம் இருக்கிறது. அங்கேயோ, ஏற்கெனவே மெஷின் வைத்திருக்கிறவர்களிடமோ போனில் கேட்டுவிட்டு நேரில் போய்த் தொட்டுப் பார். என்னுடையதையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உன் கையில் தருகிறேன்.

தொட்டுப் பார்க்கும்போது இப்படிச் செய். ஆறு சாவியையும் ஒன்றாக அழுத்தி வரி முழுக்க நிறைந்த செல்லாக நிரப்பு. இடது ஓரத்திலிருந்து வலது ஓரம்வரை ஒவ்வொரு புள்ளியாகத் தடவு. ஒரு புள்ளி எழாமல் போனால் என்ன ஆகும் தெரியுமா? 'ல' என்பது ஒன்று, இரண்டு, மூன்றாம் புள்ளிகள். அதில் இரண்டாம் புள்ளி செத்துவிட்டால் நீ 'க' என்று படிப்பாய். 'க'வில் மூன்றாம் புள்ளி போனால் 'அ' ஆகிவிடும். பேசுகிற போன் தப்பாகப் படித்தால் காதுக்கு உடனே உறுத்தும். செத்த புள்ளி அப்படி உறுத்தாது, நீ உன் மேலேயே சந்தேகப்படுவாய். பிறகு வரியை அழித்துவிட்டு மறுபடி தடவு, எந்தப் புள்ளியாவது கீழே இறங்காமல் நிற்கிறதா என்று. அரை மணி நேரம் விடாமல் படித்துப் பார், விரல் மரத்துப்போகிறதா என்று. மெஷினைப் பையில் போட்டுத் தோளில் மாட்டி நட. ஆர்பிட் அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. டிபன் பாக்ஸும் தண்ணீர் பாட்டிலும் சேரும்போதுதான் அரைக் கிலோ எவ்வளவு என்று தெரியும்.

கடைசியாக, ரிப்பேர். இதை எல்லோரும் வாங்கிய பிறகு கேட்கிறார்கள், நீ முன்னால் கேள். பழுதானால் எங்கே அனுப்ப வேண்டும், கூரியர் செலவு யார் தலையில், எத்தனை நாள் ஆகும், பேட்டரியை நாமே மாற்றலாமா? இந்த நாலுக்கும் எழுத்தில் பதில் வாங்கு. ஐயாயிரம் குறைவு என்று வெளிநாட்டிலிருந்து வரவழைத்து, ஒரு புள்ளிக்காகத் திரும்பவும் கப்பல் ஏற்றுவது புத்திசாலித்தனம் இல்லை. இந்தியாவில் சர்வீஸ் இருக்கிற சாதாரண மெஷின், சர்வீஸ் இல்லாத உயர்ந்த மெஷினைவிட மேல். எண்ணெய்க் கையோடு தொடாதே, பஸ்ஸில் உறையோடு வை. புள்ளிகளுக்கு நடுவில் புகும் தூசிதான் அதற்குப் பெரிய எதிரி.

பணத்தை உடனே எடுக்காதே. மத்திய அரசின் அடிப் திட்டத்தில், மாத வருமானம் 22,500 ரூபாய்க்குள் இருந்தால் உபகரணம் முழு மானியத்தில், 30,000 வரை இருந்தால் பாதி மானியத்தில் கிடைக்கும். ஒரு சாதனத்துக்கு இவ்வளவுதான் என்ற வரம்பு அதில் உண்டு, முழு விலையும் அதற்குள் அடங்காமல் போகலாம். மீதிக்கு உங்கப்பா கம்பெனி போன்ற ஏற்றுமதிக் கம்பெனிகளைக் கேட்கலாம். 2013 கம்பெனிச் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ வியாபாரமோ இருப்பவர்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும். உன் ஒருத்திக்குக் கேட்பதைவிட, கல்லூரியில் உன்னைப் போல இருக்கிற நாலைந்து பேர் சேர்ந்து, கல்லூரி முதல்வர் கையெழுத்தோடு கேட்டால் காது கொடுப்பார்கள். வட்டிக்கு மட்டும் வாங்காதே.

மானியத்துக்கு மனு கொடுக்க, வருகிற திங்கட்கிழமை சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் நாள் இருக்கிறது. மாற்றுத்திறனாளி தனித்துவ அடையாள அட்டை, வருமானச் சான்று, கல்லூரிச் சான்று மூன்றையும் ஜெராக்ஸ் எடுத்துக்கொள். மனுவில் 'உதவி வேண்டும்' என்று பொதுவாக எழுதாதே. '20 செல் பிரெய்ல் டிஸ்ப்ளே, தமிழ்ப் பாடங்கள் படிக்க' என்று எழுது, விலைப்பட்டியல் ஒன்றையும் இணை. மனு கொடுத்ததற்கு ரசீது வாங்காமல் வராதே. மனுவை நீயே டைப் செய்து சனிக்கிழமைக்குள் எனக்கு அனுப்பு. திருத்தித் தருகிறேன், 'பல்லி' என்று எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

அக்காவையும் மாமாவையும் கேட்டதாகச் சொல்.

உன் தாய்மாமன்