பழைய விமானத்தின் பக்கத்தில் போகுமுன்

"தாத்தா பைலட், அப்பா ஏர்ஃபோர்ஸ், அதனால் எனக்கும் பழைய விமானம் என்றால் உயிர்" என்று சொல்லிக்கொண்டு வருகிற பிள்ளைகள் இப்போது அதிகம். வரட்டும், சந்தோஷம்தான். நான் விமானம் ஓட்டியவன் அல்ல. ஓட்டுகிறவர்கள் பத்திரமாகத் திரும்பிவர ஸ்பானர் பிடித்தவன். என் அப்பாவும் டகோட்டா விமானத்தில் அதே வேலைதான் பார்த்தார். அந்த உரிமையில் சொல்கிறேன்.

1. போட்டோவை வைத்துவிட்டு லாக் புக்கைத் தேடுங்கள். ஸ்பிட்ஃபயர் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டவர்கள் எல்லோரும் அதை ஓட்டியவர்கள் அல்ல. லாக் புக்கில் தேதி, விமானத்தின் ரகம், பதிவு எண், கமாண்டில் இருந்தவர் யார், எங்கிருந்து எங்கே, எத்தனை மணி நேரம் என்று வரிவரியாக இருக்கும். மணிக்கணக்கைக் கொஞ்சம் கூட்டி எழுதிய புண்ணியவான்களும் உண்டு. ஆனாலும் தீபாவளிக்குத் தீபாவளி வளர்கிற குடும்பக் கதைக்கு அது எவ்வளவோ மேல். ஸ்பிட்ஃபயர் என்று கேட்டு வளர்ந்தது அங்கே ஹார்வர்டு என்று இருந்தால் முகம் சுளிக்காதீர்கள். சண்டை விமானத்துக்குப் போகுமுன் கை பழகியதே ஹார்வர்டில்தான். பதிவு எண் கிடைத்துவிட்டால் அந்த விமானம் பிறகு என்ன ஆனது என்று பல சமயம் தேடிப் பிடித்துவிடலாம்.

வீட்டுப் பெரியவர்கள் சொல்வதை எடுத்த எடுப்பில் தள்ளிவிடவும் கூடாது. "யாழ்ப்பாணத்திலிருந்து மெட்ராஸுக்கு பிளேனில் போனோம்" என்று பாட்டி சொன்னால் சிரிக்காதீர்கள். 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோனின் முதல் பயணமே ரத்மலானையில் கிளம்பி யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறை வழியாக மெட்ராஸுக்குத்தான். டகோட்டா, பெயர் சீதா தேவி.

மெக்கானிக் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த லாக் புக் வசதி இல்லை. எங்கள் கையெழுத்தெல்லாம் விமானத்தோடு போகிற புத்தகத்தில்தான் இருக்கும். விமானம் காயலான் கடைக்குப் போனால் அதுவும் போச்சு. அதனால் இன்னும் உயிரோடு இருக்கிற பெரியவரை உட்காரவைத்துப் பேச்சைப் பதிவு செய்யுங்கள். இந்த வருஷமே.

2. பெருமையை விமானத்துக்குச் செலவு செய்யுங்கள். இங்கிலாந்தில் டோரதி ஷட்டில்வொர்த் என்று ஓர் அம்மா. மகன் ரிச்சர்டு பழைய கார், பழைய விமானம் சேர்ப்பதில் பித்தர். 1940இல் விமானப்படைப் பயிற்சியில் விபத்தில் போய்விட்டார். அந்த அம்மா 1944இல் மகன் பெயரில் அறக்கட்டளை வைத்தார். ரிச்சர்டு சேர்த்த 1909 பிளேரியோ விமானம் அந்த அறக்கட்டளையின் ஓல்டு வார்டன் ஹேங்கரில் இன்றும் இருக்கிறது. காற்று அடங்கிய மாலையாகப் பார்த்து அதை ஓடுபாதைக்கு மேலேயே ஒரு தாவு தாவவிடுவார்கள். நம் பக்கத்தில் ராஜீவ் சந்திரசேகர் என்பவர், டகோட்டா ஓட்டிய தன் அப்பா ஏர் கமடோர் எம்.கே. சந்திரசேகரின் நினைவு மதிப்பில் ஒரு பழைய டகோட்டாவை வாங்கி, பிரிட்டனில் சீர்செய்து, விமானப்படைக்குக் கொடுத்தார். 2018இல் அது தன் எஞ்சினிலேயே பறந்து இந்தியா வந்தது. பெயர் பரசுராமா. எண் விபி 905. 1947 அக்டோபர் 27 அன்று ஸ்ரீநகரில் முதல் சிப்பாய்களை இறக்கிய டகோட்டாவின் எண் அது.

காசுள்ளவர்கள் செய்தார்கள் என்பீர்கள். சரிதான். உங்களிடம் ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது அல்லவா?

3. ஸ்பிட்ஃபயர் கனவை ஓரம் வையுங்கள். நம் ஊரில் செய்த பயிற்சி விமானங்களைப் பாருங்கள். 1951 ஆகஸ்டில் முதலில் பறந்த ஹெச்.டி.-2, காட்கே என்பவர் தலைமையில் பெங்களூரு எச்.ஏ.எல்.லில் வடிவமைத்தது. 1958இல் வந்த புஷ்பக், 90 குதிரைத்திறனில் இரண்டே பேர் போகிற துணி விமானம். நம் ஃபிளையிங் கிளப்புகளில் ஒரு தலைமுறையே பறக்கக் கற்றது இவற்றில்தான். இவற்றுக்கு மாலை போட ஆள் இல்லை. எனக்கு இதில் வருத்தம் மட்டுமல்ல, கோபமே உண்டு.

4. ப்ரொப்பெல்லரை எப்போதும் உயிருள்ளதாகவே நினையுங்கள். டைகர் மாத்தில் செல்ஃப் ஸ்டார்ட் கிடையாது, பிரேக் கிடையாது, வாலில் சக்கரத்துக்குப் பதில் ஒரு சறுக்குக்கட்டைதான். முன்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஒருவர் முன்னால் நின்று கையால் சுழற்ற வேண்டும். மேக்னெட்டோ சுவிட்சை காக்பிட்டுக்கு வெளியே, உடம்பின் பக்கவாட்டில் வைத்திருப்பார்கள், சுழற்றுகிறவன் கண்ணுக்குத் தெரியட்டும் என்றுதான். "ஸ்விட்ச் ஆஃப்" என்று சுழற்றுகிறவர் கத்துவார். பைலட் திருப்பிச் சொல்வார். எஞ்சின் பெட்ரோலை உறிஞ்சும்படி சில சுற்று. பிறகுதான் "காண்டாக்ட்", அதாவது சுவிட்ச் ஆன்.

இங்கே ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். மேக்னெட்டோ பேட்டரியை நம்பி இருப்பதில்லை. தானே மின்சாரம் உண்டாக்கும். சுவிட்சை ஆஃப் செய்வது என்றால் அந்த மின்சாரத்தை எர்த்துக்கு விடுவது. எர்த் கம்பி எங்காவது அறுந்திருந்தால் சுவிட்ச் ஆஃபில் இருந்தாலும், ப்ரொப்பெல்லர் அசைந்தால் எஞ்சின் பற்றிக்கொள்ளும். ஆகவே, நிற்கிற விமானத்தின் ப்ரொப்பெல்லரில் சாய்ந்து செல்ஃபி எடுக்கிறவனை நான் ஹேங்கருக்குள் இரண்டாம் முறை விடமாட்டேன். சுழற்றும்போது விரலை மடக்கிப் பிடிக்காதீர்கள். உள்ளங்கை பட்டால் போதும். தள்ளும்போதே உடம்பு பின்னால் வந்துவிட வேண்டும்.

5. டகோட்டாவில் வேறு பாடம். ஒவ்வொரு எஞ்சினிலும் 14 சிலிண்டர்கள் வட்டமாக நிற்கும். நின்று கிடக்கும்போது எண்ணெய் கீழ் சிலிண்டர்களில் இறங்கித் தேங்கும். அப்படியே ஸ்டார்ட் செய்தால் பிஸ்டன் எண்ணெயில் முட்டும். எண்ணெய் அமுங்காது, கனெக்டிங் ராடு வளையும். அதனால் முதலில் பிளேடு பிளேடாகக் கையால் தள்ளிச் சுற்ற வேண்டும். எங்காவது இறுகினால் தம் பிடித்துத் தள்ளாதீர்கள். கீழ் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி எண்ணெயை வடியுங்கள். அவசரக்காரன் தள்ளிவிடுவான். அன்றைக்கு ஒன்றும் ஆகாது. வளைந்த ராடு வேறொரு நாள், மேலே போனபிறகு உடையும்.

6. பழைய எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் சொட்டினால் தட்டு வையுங்கள். சொட்டவே இல்லையென்றால் டேங்கைப் பாருங்கள்.

7. நம் ஊர் ஈரத்தைக் குறைத்து எடைபோடாதீர்கள். டைகர் மாத் போன்றவற்றில் இறக்கை என்பது மரச்சட்டம், மேலே துணி, துணியை இறுக்க டோப் என்ற பூச்சு. அந்தக் காலத்துப் பசை பலவும் பாலிலிருந்து எடுத்த கேசீன். ஈரம் பட்டால் பூஞ்சை தின்றுவிடும். 1944 கடைசியில் இந்திய-பர்மா முனையில் மர விமானமான மொஸ்கிட்டோக்களையே பறக்கவிடாமல் நிறுத்தினார்கள். இறக்கை ஒட்டுகள் விட்டிருந்தன. வெளியே பெயின்ட் பளபளக்கிறது என்று எவனாவது காட்டினால், உள்ளே டார்ச் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். மூக்கையும் வையுங்கள். மக்கிய மரத்தின் வாசனை தனி.

8. பழசு என்பதால் விழுந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2018 ஆகஸ்ட் 4இல் சுவிட்சர்லாந்து மலையில் ஜங்கர்ஸ் 52 என்ற பழைய விமானம் விழுந்து 20 பேர் செத்தார்கள். பைலட்டுகள் இருவரும் பழுத்த அனுபவசாலிகள். விசாரணையில் வந்தது, பள்ளத்தாக்குக்குள் ஆபத்தான பாதையில் தாழப் பறந்தார்கள் என்பது. 2019 அக்டோபர் 2இல் அமெரிக்காவில் 'நைன் ஓ நைன்' என்ற பி-17 விழுந்து 7 பேர் போனார்கள். அதில் முக்கியமாகச் சொல்லப்பட்டது, எஞ்சின் சக்தி போனபிறகு பைலட் விமானத்தின் வேகத்தைச் சரியாகக் கையாளவில்லை என்பது. எஞ்சின் சக்தி போனதற்குக் காரணம் பராமரிப்புக் குறை. 'எத்தனையோ வருஷமாக ஓட்டுகிறோம், ஒன்றும் ஆகவில்லை' என்ற பேச்சு ஹேங்கரில் கேட்டால், அன்று அந்த விமானத்தில் ஏறாதீர்கள். உங்கள் அப்பாவே சொன்னாலும்.

9. எல்லாவற்றையும் பறக்கவிட வேண்டும் என்று அடம் பிடிக்காதீர்கள். டைகர் மாத் 8,000க்கும் மேல் கட்டினார்கள், பறக்கட்டும். டெல்லி பாலம் விமானப்படை அருங்காட்சியகத்தில் இருக்கிற வெஸ்ட்லேண்ட் வாபிட்டி உலகத்திலேயே மிஞ்சிய ஒன்று. அதற்கு எஞ்சின் ஓட்டிப் பார்க்கலாமே என்று கேட்ட ஒரு தம்பிக்கு நான் பதில்கூடச் சொல்லவில்லை.

10. பரம்பரை என்றவுடன் பையனை மட்டும் கூட்டிக்கொண்டு வராதீர்கள். டவ் என்ற விமானத்தை இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்கு ஓட்டிவந்த தம்பதி வி. சுந்தரமும் உஷா சுந்தரமும். வீட்டில் பெண் இருந்தால் அவளும் வரட்டும், ஓவரால் இருக்கிறது.

வரும்போது மோதிரம், கழுத்துச் சங்கிலி வேண்டாம். காக்பிட்டுக்குள் எட்டிப்பார்க்கும் முன் சட்டைப் பையைக் காலி செய்யுங்கள். குனியும்போது விழுகிற பேனா, கண்ட்ரோல் கம்பிக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டால் தேட முழுத் தரையையும் கழற்ற வேண்டியிருக்கும். தேடி எடுக்கும்வரை அந்த விமானத்துக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்.