மூக்குக்கண்ணாடி வாங்குமுன்

கண் கெட்டபின் சூரிய நமஸ்காரம் செய்வதிற் பயனில்லை என்பர் நம் முன்னோர். கெடுமுன் காக்கத்தக்க அக்கண்ணுக்கு உற்ற துணை மூக்குக்கண்ணாடி. முன்னாளில் அதனைக் கடைக்குச் சென்றே வாங்கினர். இந்நாளிலோ கைபேசியில் விரல் வைத்த அளவில் அது வீட்டு வாயிலுக்கு வந்து சேர்கின்றது. இவ்விரு வழிகளுள் எவர்க்கு எது தக்கது என்பதை ஈண்டு ஆராய்வாம்.

யாம் ஆவடியினின்று நாடோறும் மின்சார ரயிலிற் கல்லூரிக்கு வருபவர். சென்ற ஆண்டு எம் கண்ணாடி உடைந்தது. அம்பத்தூர்க் கடையொன்றிற் சொன்ன விலையிற் பாதியே இணையத்திற் கண்டோம். தந்தையார்க்குச் செலவு குறையுமென மகிழ்ந்து, மருத்துவர் தந்த சீட்டின் எண்களை அவ்வண்ணமே பதிந்தோம். இரு கண்களுக்கும் மைனஸ் 5. ஆயின், ‘பி.டி.’ என்னும் ஓரெண்ணும் கேட்கப்பட்டது. அது சீட்டில் இல்லை. பெரியோர்க்குச் சராசரி 63 மில்லிமீட்டர் எனக் கேள்வியுற்றிருந்தமையால் அதனையே இட்டோம்.

கண்ணாடி வந்தது, அழகாகவும் இருந்தது. ஆனால் கரும்பலகையை நோக்குந்தோறும் தலைநோவு. மூன்று வாரம் பொறுத்தோம். தேர்வு நெருங்கிய அவ்வேளையில், பார்வையே கெட்டு வருகின்றதோ என அஞ்சினோம். வீட்டில் சொல்லவும் நாணினோம். இறுதியில் முன்பு விலை கேட்டு வாங்காது வந்த அதே கடைக்குச் சென்றோம். கடைக்காரர் எம் முகத்தில் அளவுகோல் வைத்துப் பார்த்து, “தம்பி, உங்களுக்கு 57தான், கண்ணாடியில் 63 இருக்கிறது” என்றார்.

பி.டி. என்பது இரு கண்மணிகளின் நடுவிடங்களுக்கு இடைப்பட்ட தூரம். வில்லை ஒவ்வொன்றிற்கும் ஒளிமையம் ஒன்றுண்டு. அது கண்மணிக்கு நேரே நிற்றல் வேண்டும். விலகின், வில்லை பட்டகம் போல் ஒளியை ஒருபால் வளைக்கும். எவ்வளவு வளைக்கும் என்பதைப் பிரெண்டிஸ் என்பாரின் விதி காட்டும்: விலகலைச் சென்டிமீட்டரில் அளந்து, வில்லையின் பவரால் பெருக்குக. எமக்கு விலகல் கண்ணொன்றிற்கு 3 மில்லிமீட்டர், 0.3ஐ 5ஆற் பெருக்க 1.5, இரு கண்ணுக்கும் 3. அஃதாவது, ஒரு மீட்டர்த் தொலைவில் 3 சென்டிமீட்டர் பிறழ்ச்சி. தொலைவை நோக்குங்கால் எம் கண்கள் இயல்புக்கு மாறாக வெளிப்புறம் விரிய வேண்டியிருந்தது. நோவின் காரணம் அதுவே. பவர் 1 மட்டுமே உடையார் இதே பிழை செய்யின் பிறழ்ச்சி 0.6 சென்டிமீட்டரே. ஒருவர்க்கு நன்றாய் அமைந்த இணையக் கண்ணாடி மற்றொருவரை வருத்துவது இதனாலென்க.

ஆகவே, கடைக்காரர் பெறும் விலையில் வில்லையும் பிரேமும் மட்டுமன்றி, முகத்தை அளக்கும் உழைப்பும் அடங்கியுள்ளது. இணையத்தில் வாங்குவார் அவ்வுழைப்பைத் தாமே மேற்கொள்கின்றனர். இந்தியாவில் 2010இல் தோன்றி இணைய விற்பனையால் வளர்ந்த லென்ஸ்கார்ட்டும், அதே ஆண்டில் அமெரிக்காவில் தோன்றிய வார்பி பார்க்கரும் பின்னர்ப் பல ஊர்களிற் கடைகளையும் திறந்தமை ஈண்டுக் கருதத்தக்கது. பிரிட்டனில் 1989ஆம் ஆண்டுச் சட்டம், 16 வயதிற்குட்பட்டார்க்குரிய பார்வைக் கண்ணாடியைத் தகுதி பெற்றுப் பதிவுற்றார் மேற்பார்வையிலன்றி விற்றலைத் தடுக்கின்றது.

இதனால் இணையம் தீதென்பது எம் கருத்தன்று. விலைக் குறைவும் பிரேம்களின் மிகுதியும் அதன் நலன்கள். குறைந்த பவரும் அளந்தறிந்த பி.டி.யும் உடையார் அதனை ஐயமின்றி நாடலாம். பவர் மிகுந்தோர், சிறுவர், தொலைவுக்கும் படிப்பிற்கும் ஒரே கண்ணாடியை அணியும் முதியோர் ஆகியோர்க்குக் கடையே ஏற்றது. முதியோர் கண்ணாடிக்கு உயர அளவும் முகத்தில் வைத்தே குறித்தல் வேண்டும்.

எவ்வழியை நாடினும், முதலிற் கண்ணைச் சோதித்தல் வேண்டும். 1819இல் தோன்றிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனை உண்டு. பூவிருந்தவல்லிப் பக்கத்தார்க்கு, நூம்பலில் 2017இல் திறக்கப்பெற்ற அரவிந்த் கண் மருத்துவமனை அணித்தே உள்ளது. சீட்டுப் பெறும்போதே பி.டி.யையும் எழுதித் தருமாறு கேட்டல் நன்று. ஒரு நிமிடத்தில் முடியும் செயல் அது.

அன்று அளந்தமைக்கு அக்கடைக்காரர் காசு கேட்டிலர். புது வில்லைகளை அவரிடமே செய்வித்தோம், தலைநோவு நீங்கிற்று. யாம் மிச்சப்படுத்தக் கருதிய தொகையினும் மிகுதியாகச் செலவாயிற்று. நம் தோழர்க்கேனும் அச்செலவு நேராதிருக்க இதனை எழுதலுற்றோம்.