சாக்கோக் காடும் சோயாச் சாகுபடியும்

தென் அமெரிக்காவில் பெரும்பாலும் அர்ஜெண்டினா, பராகுவே, பொலிவியா ஆகிய மூன்று தேசங்களிலும் பரந்து கிடக்கும் வனப் பிரதேசத்துக்கு கிரான் சாக்கோ என்று பெயர். அதன் பரப்பு சுமார் 10 லட்சம் சதுர கிலோமீட்டர். கிழக்கே ஆண்டுக்கு 40 அங்குலத்துக்கு மேலும், மேற்கே ஏறக்குறைய 20 அங்குலமும் மழை பெய்யும்; குளிர்காலத்தில் வறட்சி நிலவும். வன்னிக்கு உறவான அல்காரோபோவும், ‘கோடரியை முறிப்பது’ என்று பொருள்படும் கெப்ராச்சோவும் அங்கே முக்கிய மரங்களாம். இவ்வறண்ட காடு கழனியான வரலாறு ஆராயத்தக்கது.

முதலில் கோடரி வந்தது. தோல் பதனிடும் சாற்றுக்காகவும் ரயில் பாதைக் கட்டைகளுக்காகவும் கெப்ராச்சோ பெருவாரியாக வெட்டப்பட்டது. 1906-ல் தோன்றிய லா பொரெஸ்டால் கம்பெனி இத்தொழிலில் பெயர் பெற்றது. காடு மெலிந்தது, ஆயினும் நிலம் காட்டு நிலமாகவே நின்றமையால், பல இடங்களில் மீண்டும் தழைக்க இடமிருந்தது. பின்னர் வந்த புல்டோசரோ மரத்தை வேரோடு பெயர்த்துவிட்டது.

அதற்குக் காரணங்கள் பல.

1. விதை: களைக்கொல்லியைத் தாங்கும் சோயா விதைக்கு அர்ஜெண்டினா 1996-ல் அனுமதி அளித்தது. உழாமல் விதைக்கும் முறை அதனால் எளிதாயிற்று.

2. மழை: 1970-க்குப் பின் அர்ஜெண்டினச் சாக்கோவில் மழை மிகுந்து, பயிருக்குத் துணை செய்தது.

3. விலை: வெளிநாடுகளில் சோயாவுக்குக் கிராக்கி ஏறியது. தெற்கேயுள்ள பம்பாஸ் சமவெளியில் நிலம் விலையேறவே, மலிவான சாக்கோ நிலத்தைப் பலரும் நாடினர். சோயாவுக்கு இடம்விட்ட மாட்டு மந்தைகளும் அங்கேயே வந்தன.

4. உரிமை: விச்சி முதலிய ஆதிக்குடிகளும், ஆடுமாடு மேய்க்கும் ஏழைக் குடும்பங்களும் தலைமுறையாக வாழ்ந்த நிலத்துக்குப் பலரிடம் பத்திரம் இல்லை. பத்திரம் பெற்றவர் வந்தபோது அவர்கள் வெளியேற நேர்ந்தது.

சட்டமும் தனித்து நின்று காக்கவில்லை. பராகுவே 2004-ல் தன் கிழக்குப் பகுதியில் காடழிப்பைத் தடுத்தது. மேய்ச்சலுக்காகக் காடு வெட்டுவது மேற்கேயுள்ள சாக்கோவில் பெருகியது. அர்ஜெண்டினாவில் 2007-ன் இறுதியில் வனச் சட்டம் நிறைவேறுமுன், சால்டா மாகாணத்தில் வெட்டு அனுமதிகள் அவசரமாய்க் குவிந்தன. 2008 டிசம்பரில் தேசத்தின் உச்ச நீதிமன்றம் தலையிட்டு, அம்மாகாணத்தின் நான்கு வட்டாரங்களில் வெட்டுவதை நிறுத்திவைத்தது.

நிலத்தின் கதியும் கருதத்தக்கது. ஆழ வேரூன்றிய மரங்கள் மழைநீரை ஏறக்குறைய முழுவதும் உறிஞ்சிவிடும். உப்பு மண்ணின் அடியிலேயே தங்கும். பயிரின் வேர் ஆழம் குறைவு. பயிரில்லாத மாதங்களும் உண்டு. எஞ்சிய நீர் கீழிறங்க, நிலத்தடி நீர் மெல்ல உயர்ந்து, சில இடங்களில் உப்பையும் மேலே கொணரும். களரான நிலம் கழனிக்கும் உதவாது, காட்டுக்கும் உதவாது.

விலை, விதை, மழை, உரிமை என்னும் நான்கும் ஒருங்கு கூடியதாலேயே சாக்கோக் காடு வீழ்ந்தது. ஓரிடத்தில் மட்டும் தடுத்தால் கோடரி அடுத்த இடம் செல்லும். ஆகவே பிரதேசம் முழுவதையும் ஒன்றாகக் கருதி, அங்கு வாழ்வோரின் உரிமையை முதலில் உறுதிசெய்தலே காட்டைக் காக்கும் வழியாகும்.