மனச்சோர்வும் ஒரு நோயே

பால் வற்றிய மரத்தை நாம் யாரும் சோம்பேறி என்று ஏசுவதில்லை. வெட்டை நிறுத்தி, அதற்கு ஓய்வளிக்கிறோம். ஆனால் மனம் வாடிய மனிதரைக் கண்டால், "வேலைக்குப் பயந்து நடிக்கிறான்", "காற்றுச் சேட்டை" என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். இது முறையாகுமா?

கவலை எல்லாருக்கும் வரும். சில நாளில் தணியும். மனச்சோர்வு நோய் அவ்வாறன்று. இரண்டு வாரங்களுக்கு மேலாகத் தீராத துயரம், எதிலும் நாட்டமின்மை, உறக்கமும் பசியும் கெடுதல், ஓயாத அசதி, 'நான் எதற்கும் உதவேன்' என்னும் எண்ணம், சாவைப் பற்றிய நினைவு ஆகியவற்றுள் பல ஒருங்கே காணப்படின், மருத்துவரை நாட வேண்டும். நம்மவருள் பலர் இதனைத் தலைவலி, நெஞ்சுப் பாரம் என்றே கூறுவர். பிள்ளை பெற்ற தாய்மாருக்கும், தோட்டம் மூடப்பட்டு அடுக்குமாடி வீட்டுக்குப் பெயர்ந்த முதியோருக்கும் இது வரலாம்.

சிலருக்குச் சோர்வு நீங்கி, உறக்கமே வேண்டாத உற்சாகமும் கட்டற்ற செலவும் தோன்றும். இஃது இருமுனை மனநோய். இதற்குரிய மருந்து வேறு. ஆதலால் இவ்விரு நிலைகளையும் மருத்துவரிடம் மறவாமல் கூறுதல் வேண்டும்.

2023ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வின்படி, நம் நாட்டில் 16 வயதும் அதற்கு மேலும் உடையோருள் 4.6 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 10 இலட்சம் பேர், மனச்சோர்வுற்றிருந்தனர். 2019இல் அது 2.3 விழுக்காடாக இருந்தது.

பின் ஏன் மறைக்கிறோம்? தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற அச்சமே காரணம். 1911இல் அங்குத் திறக்கப்பட்ட மனநல மருத்துவமனையின் ஊர்ப்பெயரையே நாம் வசைச்சொல்லாக்கிவிட்டோம். ஆனால் இன்று மனச்சோர்வுற்றோருள் பெரும்பாலோர் வீட்டிலிருந்தவாறே குணமடைகின்றனர். முதலில் அருகிலுள்ள அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குக்குச் செல்லலாம். தேவையாயின், கிள்ளான் வட்டாரத்தார் துங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனைக்கும், பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தார் கோலாலம்பூர் மருத்துவமனைக்கும் அனுப்பப்படலாம்.

மனச்சோர்வுக்குப் பேச்சுவழிச் சிகிச்சையும் மாத்திரையும் உண்டு. மாத்திரை பலன் தர இரண்டு முதல் நான்கு வாரங்கள், சிலருக்கு அதற்கும் மேல் ஆகும். 'கேட்கவில்லை' என்று இடையில் விடுதல் கூடாது. குணமான பின்பும் குறைந்தது ஆறு மாதங்கள் தொடர வேண்டும்; மருத்துவரைக் கேளாமல் நிறுத்தலாகாது. கள்ளும் சம்சுவும் துயரை மறக்கச் செய்வதுபோல் தோன்றினும், நோயை வளர்க்கவே செய்யும்.

குடும்பத்தாருக்கும் கடமை உண்டு. அறிவுரையைக் குறைத்துக் காது கொடுத்துக் கேளுங்கள். கிளினிக்குக்கு உடன் செல்லுங்கள். சாவைப் பற்றி ஒருவர் பேசினால் விளையாட்டென்று தள்ளாதீர்கள். அவரைத் தனியே விடாதீர்கள். களைக்கொல்லி மருந்துகளைப் பூட்டி வையுங்கள். உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். போலீசுக்கு அஞ்ச வேண்டா. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவை நாடாளுமன்றம் 2023இல் நீக்கிவிட்டது. 1970இல் தொடங்கப்பட்ட கோலாலம்பூர் பிஃரெண்டர்ஸ் அமைப்பினர், 03-76272929 என்னும் எண்ணில் இரவும் பகலும் செவிமடுப்பர்.

காய்ச்சல் கண்டவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்ல நாம் வெட்கப்படுவதில்லை. மனச்சோர்வுக்கும் அவ்வாறே செய்வோமாக.