பிரபலத்தை ஒப்பந்தம் செய்யும் முன், நான்காவது வாரத்தை யோசியுங்கள்

தீபாவளி நெருங்கினால் ஜொகூர் பாருவின் ஜவுளிக்கடை, நகைக்கடை, அழகு நிலையம் எல்லாவற்றிலும் ஒரே பேச்சுதான்: இந்த வருடம் யாரைக் கூப்பிடலாம்? வானொலி அறிவிப்பாளரா, நாடக நடிகையா, டிக்டாக்கில் சமைத்துக் காட்டும் பெண்ணா? விளம்பரப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர் தலையில்தான் பெரும்பாலும் இந்தப் பொறுப்பு விழும். முதலாளி கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை ஃபாலோவர்ஸ்?" நீங்கள் கேட்க வேண்டியது வேறு. இந்த முகம் மறந்துபோன பிறகு வாடிக்கையாளர் மனத்தில் என்ன நிற்கும்?

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் கார்ல் ஹோவ்லாண்டும் வால்டர் வைஸும் 1951-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு இன்றும் நல்ல வழிகாட்டி. மாணவர்களை இரு பிரிவாக்கி, ஒரே கட்டுரைகளைப் படிக்கக் கொடுத்தார்கள். உதாரணமாக, அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல் பற்றிய கட்டுரையை ஒரு பிரிவிடம் விஞ்ஞானி ஓப்பன்ஹைமர் சொன்னது என்றார்கள். மறு பிரிவிடம் சோவியத் நாளேடு பிராவ்தாவில் வந்தது என்றார்கள். படித்த உடனே கேட்டபோது, நம்பகமான பெயரோடு வந்த கருத்தையே அதிகம் பேர் ஏற்றிருந்தார்கள். நான்கு வாரம் கழித்துக் கேட்டபோது அந்த வித்தியாசம் ஏறக்குறைய மறைந்திருந்தது. நல்ல பெயர் தந்த ஏற்றம் இறங்கியிருந்தது. நம்பாத பெயரோடு வந்த கருத்து, பெயர் கழன்று போனதால் கொஞ்சம் ஏறியிருந்தது.

1953-இல் கெல்மனும் ஹோவ்லாண்டும் செய்த சோதனை நம் தொழிலுக்கு இன்னும் முக்கியம். மூன்று வாரம் கழித்து, பேசியவர் யார் என்பதை ஒரு பிரிவுக்கு மட்டும் மறுபடி நினைவூட்டினார்கள். பழைய வித்தியாசம் அங்கே திரும்பி வந்துவிட்டது.

இந்த இரண்டையும் உங்கள் மேசைக்குக் கொண்டுவாருங்கள். முகம் தரும் நம்பிக்கை தானாகத் தேயும். முகம் திரும்ப வந்தால் நம்பிக்கையும் திரும்ப வரும். ஆகவே கையில் 6,000 ரிங்கிட் இருந்தால் ஒரே காணொளியில் அதைக் கரைக்காதீர்கள். பண்டிகைக்கு ஆறு வாரம் முன்பு ஒரு முறை, மூன்று வாரம் முன்பு ஒரு முறை, சம்பளம் கைக்கு வந்து கடைக்குக் கிளம்பும் நேரத்தில் ஒரு முறை என அதே முகம் வரட்டும். அவர் படத்தைக் கடை வாசல் போஸ்டரிலும் வாட்ஸ்அப்பிலும் நீங்கள் பயன்படுத்தலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். இந்த ஒரு வரி இல்லாததால், பணம் கொடுத்து எடுத்த படத்தையே பிறகு போட முடியாமல் கைகட்டி நிற்கும் கடைகள் உண்டு. அந்த ஒப்பந்தக் காலத்தில் அவர் உங்கள் போட்டிக் கடைக்குப் போகக்கூடாது என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

அடுத்து, விளம்பரத்தில் முகத்தைக் கையால் மறைத்துவிட்டுப் படியுங்கள். மிஞ்சுவது "நான் இங்கேதான் வாங்குவேன், நீங்களும் வாங்க" என்பது மட்டும்தானா? அப்படியானால் நான்காவது வாரத்தில் ஒன்றுமே மிஞ்சாது. தமிழ்நாட்டின் லலிதா ஜுவல்லரி விளம்பரங்களைப் பாருங்கள். கடை உரிமையாளரே வந்து, எங்கள் விலையை மற்ற கடையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள் என்கிறார். அவர் பெயரை மறந்தவர்களுக்கும் அந்தச் சவால் நினைவிருக்கும், ஏனென்றால் அதை யாரும் சரிபார்க்கலாம். கல்யாண் ஜுவல்லர்ஸ் எடுத்தது வேறு வழி. நடிகர் பிரபுவையும் நம்பிக்கை பற்றிய ஒரே வாசகத்தையும் பல ஆண்டுகள் விடாமல் சேர்த்துக் காட்டியது. அதற்குப் பெரிய பணம் வேண்டும். ஸ்கூடாயிலோ மாசாயிலோ ஒரு கடை வைத்திருப்பவருக்கு லலிதா வழிதான் தாங்கும் என்பது என் கருத்து. பிரபலம் சொல்லட்டும், ஆனால் சொல்வது சரிபார்க்கக்கூடிய ஒரு விஷயமாக இருக்கட்டும். தையல் கூலி இலவசம், ஏழு நாளில் மாற்றித் தருகிறோம், எடைச்சீட்டு கையில் தருகிறோம், இப்படி ஏதாவது ஒன்று.

நினைவூட்டல் எதிர்த் திசையிலும் வேலை செய்யும். உங்கள் விளம்பர முகம் ஏதாவது சர்ச்சையில் சிக்கினால், ஒவ்வொரு போஸ்டரும் அந்தச் சர்ச்சையைத்தான் நினைவூட்டும். அன்றே போஸ்டர்களை அகற்றும் உரிமையும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

இனி அளவீடு. இளையவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். லைக் போட்டவர் எல்லாரும் வாங்க நினைத்தவர் அல்லர்; வாங்க நினைத்தவர் எல்லாரும் வாங்கியவர் அல்லர். ஒவ்வொரு பிரபலத்துக்கும் தனித் தள்ளுபடிக் குறியீடு கொடுங்கள். பில் போடும்போது, "எங்களைப் பற்றி எங்கே கேள்விப்பட்டீங்க?" என்று கேஷியர் ஒரு கேள்வி கேட்டுக் குறித்துக்கொள்ளட்டும். முதல் வாரக் கணக்கையும் நான்காவது வாரக் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் வாரத்தில் எகிறி நான்காவதில் படுத்துவிட்டால் வேலை செய்தது முகம்; தாக்குப்பிடித்தால் சொன்ன விஷயம்.

ஜொகூரில் ஒரு சிக்கல் உண்டு. 2014 முதல் 2024 வரை நம் மாநிலத்தில் வார விடுமுறை வெள்ளி, சனி. 2025 ஜனவரி 1 முதல் சனி, ஞாயிறு. 2024 தீபாவளி விற்பனையை அதற்குப் பிந்திய ஆண்டுகளோடு கிழமை வாரியாக ஒப்பிட்டால், விடுமுறை மாற்றத்தால் வந்த கூட்டத்தைப் பிரபலத்தின் கணக்கில் எழுதிவிடுவீர்கள். முழு வாரங்களாகவே ஒப்பிடுங்கள். பாலம் தாண்டி வரும் சிங்கப்பூர்க்காரர்களைத் தனியாக எண்ணுங்கள். அவர்கள் வசந்தம் தொலைக்காட்சி பார்த்து, ஒலி 968 வானொலி கேட்டு வளர்ந்தவர்கள். ராகா வானொலியில் நமக்குப் பழகிய குரல் அவர்களில் பலருக்கு யாரோ ஒருவர் குரலாக இருக்கலாம்.

சட்டத்தை விட்டுவிடாதீர்கள். மலேசிய உள்ளடக்க மன்றத்தின் 2022 நெறிக்கோவைப்படி, பணமோ பொருளோ வாங்கிப் பேசும் இன்ஃபுளுயன்சர் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். "எப்படியும் மறந்துவிடுவார்கள், சிறிய எழுத்தில் கடைசியில் போடலாம்" என்று அலுவலகத்தில் யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். மருந்து, ஊட்டச்சத்து மாத்திரை விளம்பரம் என்றால் சுகாதார அமைச்சின் மருந்து விளம்பர வாரிய அனுமதியும் அதற்கான கே.கே.எல்.ஐ.யு. எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். நீரிழிவு, புற்றுநோய் உள்ளிட்ட 20 நோய்களைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதை 1956-ஆம் ஆண்டின் சட்டம் தடுக்கிறது. நம் சமூகத்தில் நீரிழிவு நோயால் அவதிப்படும் பெரியவர்கள் எத்தனையோ பேர். ஒரு நடிகையின் வார்த்தையை நம்பி அவர்களில் ஒருவர் மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்திவிட்டால், அந்த விளம்பரத்தை எழுதிய உங்களுக்கும் அதில் பங்குண்டு. அப்படிப்பட்ட வேலை வந்தால் முதலாளியிடம் முடியாது என்று சொல்லுங்கள்.

அடுத்த ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பே, நான்காவது வார அறிக்கைக்கு ஒரு தேதி குறித்து முதலாளியிடம் ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.