உறுப்பிழந்த தாய்க்கரடி

தேனி மாவட்டத்தில், கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களுக்கிடையே, சுரபி நதிக்கரையில் அமைந்த ஊர் குச்சனூர். சனீசுவரர் திருக்கோயிலால் பெயர் பெற்றது அவ்வூர். சனிக்கு மந்தன், முடவன் என்னும் பெயர்களும் வழங்கும். கால் குறைவுற்று மெல்ல நடப்பவன் என்பது புராண வழக்கு. ஞாயிற்றை ஒருமுறை சுற்றிவர ஏறக்குறைய 29½ ஆண்டு கொள்ளும் கோளுக்கு அப்பெயர்கள் பொருத்தமுடையனவே. மெல்ல நடப்பினும் அது தன் சுற்றை முடியாது விடுவதில்லை.

பள்ளத்தாக்கின் கிழக்கே உயர்ந்து நிற்பது மேகமலை. அதனையும் வருசநாட்டுக் காடுகளையும் உள்ளடக்கி, 2021ஆம் ஆண்டில் திருவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகம் அமைக்கப்பட்டது. அக்காடுகளில் கரடிகளும் வாழ்கின்றன. சங்கப் புலவர் எண்கு எனவும் உளியம் எனவும் சுட்டிய விலங்கு இதுவே. இதற்குக் குடாவடி என்றொரு பெயரும் உண்டு. உள்நோக்கி வளைந்த அடியை உடையது என்பது அதன் பொருள். பெயரிட்டோர் எவ்வளவு கூர்ந்து நோக்கினர் பாருங்கள்! அவ்வளைந்த அடியும் நீண்ட நகங்களுமே கரடியின் வாழ்வுக்கு ஆதாரம். புற்றை அகழ்ந்து கறையானை வெளிப்படுத்துபவை அவை. மேல்வாயின் நடுவே இரண்டு பற்கள் இல்லாமையும் அதற்குக் குறையன்று. அவ்விடைவெளி வழியாகவே அது கறையானை உறிஞ்சி உண்கிறது.

குட்டிகளை வளர்ப்பதில் ஆண் கரடிக்குப் பங்கில்லை. பெண் கரடி பெரும்பாலும் பனிக்காலத்தில், குகையிலோ பாறை இடுக்கிலோ, ஒன்று அல்லது இரண்டு குட்டிகளை ஈனும். கண் திறவாமற் பிறக்கும் அவற்றை இரண்டு திங்களுக்கு மேலாக அவ்விடத்திலேயே காத்துப் பாலூட்டும். வெளிவந்தபின் குட்டிகள் தாயின் முதுகில் ஏறி, தோளின்மேல் அடர்ந்த மயிரைப் பற்றிக்கொண்டு செல்லும். உலகிலுள்ள எட்டுவகைக் கரடிகளுள் குட்டிகளை இவ்வாறு முதுகில் சுமந்து செல்வதையே வழக்கமாக உடையது இவ்வினம் ஒன்றே. வேங்கையும் சிறுத்தையும் திரியும் காட்டில் இம்முதுகே குட்டிகளுக்குக் கோட்டை. மரத்தில் ஏற்றிவிடலாம் எனின், சிறுத்தையும் மரமேறும் அன்றோ?

இத்தகைய தாய் ஒரு காலை இழப்பின் யாது நேரும்?

அமெரிக்க நாட்டுக் கருங்கரடி ஒன்றின் செய்தி இங்கு நினைக்கத்தக்கது. புளோரிடா மாநிலத்து லேக் மேரி என்னும் ஊரில் மூன்று கால்களே உடைய பெண் கரடி ஒன்று பல்லாண்டு திரிந்தது. ஊரார் அதற்கு முக்காலி என்று பொருள்படும் பெயரே இட்டிருந்தனர். 2023ஆம் ஆண்டு கோடையில் அது மூன்று குட்டிகளுடன் வந்து, ஒரு வீட்டின் வலையடித்த தாழ்வாரத்துள் நுழைந்து, அங்கிருந்த பானங்களைக் குடித்துச் சென்றது. காட்டு விலங்கு வீட்டுப் பண்டத்தைச் சுவைத்துப் பழகுவது நன்றன்று. ஆயினும் முக்காலால் நடந்து மும்மகவைப் பேணிய திறம் வியக்கத்தக்கதே. கருங்கரடிக் குட்டிகள் தம் காலால் தாயைத் தொடர்ந்து செல்லும். இடர் நேருங்கால் தாயின் குரல் கேட்டு மரத்தில் ஏறிக்கொள்ளும். தாயின் குறையில் ஒரு பகுதியைக் குட்டிகளே ஈடு செய்துவிடுகின்றன.

நம் நாட்டுத் தாய்க்கரடிக்கு அவ்வசதி குறைவு. குட்டிகளின் சுமையும் அதன் முதுகில். அகழும் தொழிலும் அதன் முன்னங்காலில். பார்வை மங்கினும் அதற்குப் பேரிழப்பில்லை. இயல்பாகவே கண்ணினும் மூக்கையே மிகுதியும் நம்புவது அது. பின்னங்கால் குன்றினால் நடை தளரும். முன்னங்கால் போயினோ, உணவே அரிதாகும். நாவலும் கொன்றைக் காயும் உதிரும் நாளில் ஒருவாறு வயிறு நிறையலாம். கனியற்ற காலத்தில் கறையானை அகழாமல் பால் சுரப்பது எங்ஙனம்?

காட்டில் கரடியின் காலைப் போக்குவனவற்றுள் கொடியது கம்பிச் சுருக்கு. பன்றிக்கென வேலியோரத்தில் வைத்த கண்ணியில் கரடி சிக்கும். அது திமிறத் திமிறக் கம்பி தசையை அறுத்து எலும்பில் பதியும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கரடியைக் கொல்வதையும் பிடிப்பதையும் தடுக்கிறது. கண்ணியோ, பன்றி இது, கரடி இது என்று பகுத்தறிவதில்லை. சிக்கிய கரடியை வனத்துறையினர் மயக்கமருந்து செலுத்தி மீட்பதுண்டு. கால் அழுகியதாயின் மருத்துவர் அதனை நீக்க நேரும். பெங்களூரை அடுத்த பன்னேர்கட்டாவில் கரடிகளுக்கென ஒரு காப்பகம் உள்ளது. காட்டிற்குத் திரும்ப இயலாதவற்றை அங்கே வைத்துப் பேணுகின்றனர். ஆனால், சிக்கியது தாயாயின் அதன் குட்டிகள் அவ்வேளையில் குகையிருளில் காத்திருத்தல் கூடும். ஏறக்குறைய இரண்டு ஆண்டு தாயுடன் திரிந்தே புற்றையும் கனியையும் நீர்த்துறையையும் அறிய வேண்டியவை அவை.